மேசை நீளம் கேட்டவர்

கடலூர்த் துணிக்கடையில் துணி வெட்டித் தருகிறவரின் கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். எதற்கென்று கேட்காமல் அவர் கத்தரிக்கோலைத் தொட மாட்டார்.

"கிறிஸ்துமஸுக்கு, மேசை நடுவுல நீளமா போடற விரிப்பு. உள்ள பஞ்சு வெச்சுத் தைக்கணும்," என்றேன்.

"பஞ்சு ஷீட்டு துணிய விட ஜாஸ்தி ஆவும்மா. பழைய போர்வைய வெச்சுத் தைங்க, உள்ள யாரு பாக்கப் போறாங்க? மேசை என்னா நீளம்?"

தெரியாது. மேசை சிதம்பரத்தில், மகள் காதலித்துக் கல்யாணம் கட்டிக்கொண்டு போன வீட்டில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தியம்மாவோடு நான் பேசியதில்லை. மகளை அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை.

"சுமாரா வெட்டுங்க."

"குட்டையாப் போனா கோவணம் மாதிரி இருக்கும்மா. அந்த வூட்ல வேற யாருமே இல்லியா?"

வேறு வழியில்லாமல் சம்பந்தியம்மாவை அழைத்தேன். அவர் அங்கே மேசையைக் கையால் அளந்தார்.

"நாலு முழம் அண்ணி. ஆறு பேர் உக்காரலாம். நீங்களும் அண்ணனும் வந்தா இடிச்சிக்கினு எட்டு பேரு. வருவீங்கல்ல?"

"வரோம்," என்றேன். ஃபோனை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் நாலு முழம் என்றேன்.

அவர் டேப்பை இழுத்து அளந்து வெட்டத் தொடங்கினார். வேறு யாருமில்லையா என்று அவர் கேட்டது துணி வீணாகுமென்ற பயத்திலா, எங்களுக்குள் பேச்சில்லாததை மோப்பம் பிடித்தா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.