பாக்கெட் அக்கா மூட்டிய நெருப்பு

ஹோட்டல் சலவைக் கூடத்தில் அவளுக்குப் பெயரே பாக்கெட் அக்காதான். பத்தொன்பது வருடமாக, எந்தத் துணியும் அவள் கை அதன் பைகளைத் துழாவாமல் மெஷினுக்குள் போனதில்லை. பேனா, சாவி, ஒருமுறை யாரோ ஒரு பெரியவரின் பல்செட்! எடுத்ததை டப்பாவில் போட்டு, அறை எண் எழுதி, உரியவருக்கே அனுப்பிவிடுவாள். வாய் ஊர்க்கதை பேசினாலும் கை அதன்பாட்டில் துழாவும்.

அடுத்த மாதம் மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். போகுமுன் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: காட்டோரம் கூடாரம் போட்டு, மூன்று பேரும் ஒருநாள் நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும்.

"நாம மூணு பேரும் சேர்ந்து எங்கயாவது போயிருக்கோமாம்மா?"

பாக்கெட் அக்கா என்ன சொல்வாள்? அவளுக்குப் பகல் ஷிஃப்ட், கணவருக்கு இரவுக் காவல். "நெருப்பு என் பொறுப்புடி" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்தபின் சும்மா இருப்பாளா? பருத்தித் துண்டுகள் மட்டும் காயும் மூன்றாம் நம்பர் டிரையரின் வலையிலிருந்து ஒரு வாரம் பஞ்சு சேர்த்தாள். மற்ற மெஷின் பஞ்சு ஆகாது, நைலான் கலந்தால் உருகி நாறும். முட்டை அட்டையின் குழிகளில் அதைத் திணித்து, உருக்கிய மெழுகை ஊற்றினாள். குழிகளைத் தனித்தனியாக வெட்டி, ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கியெடுத்துப் பற்றவைத்தாள். முழுசாகப் பதினோரு நிமிடம் எரிந்தது.

"காட்டுக்குப் போறோமா, ராக்கெட் விடப் போறோமா?" என்றார் கணவர்.

"மழை வரட்டும், அப்பத் தெரியும் உங்களுக்கு."

இரண்டு தீப்பெட்டிகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அவர் ஜெர்கினின் உள்பையில் வைத்தாள். முன்பு சிகரெட் இருந்த பை அது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனித் தொடவே மாட்டேன் என்று மகள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து தன் பேன்டைத் தானே துவைத்துக்கொள்கிறார். மனுஷன் திருந்திவிட்டாரே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

பஸ் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தார்கள். கூடாரம் போடும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. குளிரில் மகளுக்குப் பல் தந்தியடித்தது. பாறை மறைவில் விறகை அடுக்கி, அடியில் நான்கு மெழுகுக் குழிகளை வைத்துவிட்டு, "தீப்பெட்டிய எடுங்க" என்றாள்.

அவர் உள்பையில் கைவிட்டார். "ஒண்ணும் இல்லையே!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் மகளோடு பேசிக்கொண்டே நாற்காலியிலிருந்த ஜெர்கினை எடுத்து அவரிடம் கொடுத்தாள். பாழாய்ப்போன கை துழாவியிருக்கிறது. இரண்டு தீப்பெட்டியும் இப்போது வீட்டிலும் அவள் வைத்திருக்கும் டப்பாவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

"பரவாயில்லம்மா, போர்வையச் சுத்திக்கலாம்" என்றாள் மகள்.

அந்தப் 'பரவாயில்ல' அவளை அறுத்தது. இந்தப் பெண் அதைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள். பாக்கெட் அக்காவுக்குப் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது.

கணவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு பேன்ட் பையில் கைவிட்டு, தலையைக் குனிந்தபடி மகளிடம் உள்ளங்கையை விரித்தார். நீல நிற லைட்டர்.

"எத்தன நாளாப்பா?"

"நடுவுல ஆறு மாசம் விட்டிருந்தேன்." "நீ இப்படி நடுங்குற. இதுக்கு மேல எப்படிம்மா ஒளிச்சு வெக்கிறது?"

மகள் லைட்டரை வாங்கி அம்மாவிடம் நீட்டினாள். முதல் குழி உடனே பற்றிக்கொண்டது. ஈர விறகு கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துப் புகைந்தது, பிறகு வழிக்கு வந்தது. அதன் மேல் டீயைக் கொதிக்க வைத்தாள். மகள் தன் போர்வையின் ஒரு பாதியை அப்பா தோளில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் மனைவியிடம் மெல்லக் கையை நீட்டினார். "லைட்டரக் குடேன்."

"தர மாட்டேன்" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறர் பையில் இருந்து வந்த ஒன்றை அவள் வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா, அப்பாவோட இன்னொரு பையையும் பாரு" என்றாள் மகள்.

அவர் எழுந்து, மனைவிக்குக் கை எட்டும்படி திரும்பி நின்றார்.