சானடோரியம் முதல் குரோம்பேட்டை வரை

பிள்ளைகளே, ஒருநாள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியபோது எதிரே ஒரு எம்.பி. உட்கார்ந்திருந்தார். கசங்கிய வேட்டி, ரப்பர் செருப்பு. சின்னக் கட்சி, நாடாளுமன்றத்தில் அவர் ஒருவர்தான். டெல்லி விமானத்தைப் பிடிக்கப் போகிறவர், சானடோரியத்தில் வண்டி நகர்ந்ததும் அனகாபுத்தூர் ஆற்றுக்குக் கரை கட்டித் தரக் கேட்டு, நாடாளுமன்றத்தில் பேசப்போவதை என்னிடம் பேசிப் பார்த்தார். குரோம்பேட்டை வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

“எனக்கு அங்க குடுக்கற நேரம் இந்த ஒரு ஸ்டேஷன் தூரம்தான் சார். பெரிய கட்சிக்கு கடைசி ஸ்டேஷன் பீச் வரைக்கும் உண்டு.”

“இது நியாயமா சார்?”

“ஆள் அதிகம், நேரம் அதிகம், சரிதான். ஆனா வெள்ளம் வந்த வீட்டைச் சொல்லி முடிக்கவாவது விடணும்ல?”

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பல்லாவரத்துக்கு முன்னால் வண்டி சிக்னலில் நின்றது. அந்தக் கூடுதல் நேரத்தில் அவர் கரையைக் கேட்டு, நன்றியும் சொல்லி முடித்தார்.

“சபாநாயகருக்கு இன்னிக்கு நல்ல மூடு,” என்று சிரித்தார்.

இப்போதும் அங்கே வண்டி நின்றால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். டெல்லியில் அவருக்கும் பேசி முடிக்க இப்படி ஒரு சிக்னல் கிடைத்திருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.