ஜலசந்தி வரை

துணியை வெட்டுவதற்கு முன் அம்மா அதைக் குறுக்கே இழுத்து, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். புத்தகத்தில் வரைபடம் வந்தாலும் அப்படித்தான். பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். ஒருநாள் ஒரு பாலைவனம் வந்தது. அதன் நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடாக ஒரு நாட்டின் எல்லை.

“யாருடா இதை வெட்டினது? இழை பாக்காம வெட்டியிருக்கான். நாலு தடவ துவைச்சா கோணிக்கும்.”

“அங்க துவைக்கத் தண்ணியே கிடையாதும்மா.”

“அப்போ அழுக்கு அப்படியே நிக்கும். அதுக்கும் சண்டைதான்.”

பழைய துணியை அளவுக்குத் திருத்திக் கொடுப்பது அம்மாவின் தொழில். மெலிந்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள், பருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள். முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மிதி மெஷின், அதை ஒட்டி வெட்டு மேசை, மேசைமேல் தேய்ந்த சாக்பீஸ். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசுவாள். பாதி புரியாமலே எல்லோரும் தலையாட்டுவார்கள்.

புத்தகம் அப்பாவுடையது. அவர் சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. பெட்டி ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எங்கோ ஒரு கடல்வழி அடைபட்டால் இங்கே ஒரு கிடங்கு காலியாகிறது என்பது அவருக்குத் தீராத வியப்பு. மலையும் கடலும் நாடுகளின் அரசியலை எப்படி வளைக்கின்றன என்று சொல்லும் அந்தத் தடிமனான புத்தகத்தை அதனால்தான் வாங்கினார். அம்மா தைக்கும்போது முக்காலியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார்.

“கடையில ஜிப் ஏன் இல்லைன்னு ஒரு வார்த்தை கேட்டேன். கடல்ல இறங்கின மனுஷன் கரையேறவே இல்ல” என்பாள் அம்மா.

அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மெஷின் ஓடினால் புரிகிறது. நின்றால் புரியவில்லை. அப்பா அந்த வரியைத் திரும்பப் படிப்பார். அப்போதும் மிதி அசையாவிட்டால், சாக்பீஸை எடுத்து மேசையில் வரைந்து காட்டுவார். ஒருமுறை மேசையில் ஒரு வங்கிக் காவலாளியின் கால்சட்டைத் துணி விரிந்து கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. அம்மாவும் கோட்டைப் பார்த்ததும் பழக்கத்தில் வெட்டிவிட்டாள். ஒரு நாட்டின் கடற்கரை முழுவதும் வலது காலில் இறங்கியிருந்தது. காவலாளி வந்து நின்றபோது அப்பாவைக் கை காட்டினாள்: “இவரைக் கேளுங்க. இவர்தான் அந்த ஊர் ராஜா.” ராஜா அதே நிறத்தில் துணி தேடிக் கடைத்தெருவுக்கு ஓடினார்.

அப்பா இப்போது இல்லை. இதயத்தில் அடைப்பு. நான் குழாய்களுக்கு வால்வு வடிவமைக்கிறவன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

அவர் நிறுத்திய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு துணிக்கீற்று இருக்கிறது. அதற்கு அடுத்து வருவது ஜலசந்திகளைப் பற்றிய அத்தியாயம். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து படிப்பாள். கீற்று வரை வருவாள். மூடுவாள். மறுபடி முதல் பக்கம்.

“அவர் படிச்சப்ப பாதி மெஷின் சத்தத்துல போச்சுடா.”

முதல் தடவைக்கு அது சரியான காரணம். மூன்றாவது தடவை கேட்டேன், மேலே படிக்க வேண்டாமா என்று.

“இதுவரைக்கும் உங்கப்பா குரல்ல கேக்குது. அந்தப் பக்கம் போனா வெறும் எழுத்துதானே.”

எனக்கும் தாண்ட மனமில்லை. பேச்சை மாற்றினேன்.

கீற்றுக்கு இந்தப் பக்கம் உள்ளதை எல்லாம் அம்மா எங்கள் கட்டடத்துக்குப் பொருத்திவிட்டாள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுவது மாடி அக்கா. எத்தனை துணி காத்திருந்தாலும் அவருடையதைத்தான் அம்மா முதலில் எடுப்பாள். “ஆறு மேலேருந்து வருது. மேல இருக்கறவளைப் பகைச்சுக்க முடியுமா?” இது மாடி அக்காவுக்கும் தெரியும். “நான் மூடினாதானே உனக்கு என் ஞாபகம் வருது!” என்று படியிலிருந்தே கத்துவார்.

போன வாரம் அவர் தன் பையை வாங்க வந்தார். அதற்கு ஜிப் மாற்றவில்லை. சரக்கு வந்த கப்பல் ஏதோ ஒரு ஜலசந்தியில் நிற்கிறது என்று கடைக்காரர் சொன்னதை அம்மா சொன்னாள்.

“அங்கேயே ஏன் போய் மாட்டிக்கணும்? சுத்திப் போக வேண்டியதுதானே? எப்பப் பாத்தாலும் அந்தப் புத்தகத்தோட உக்காந்திருக்கியே, சொல்லேன்!”

அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் சிறு மெத்தையில் குத்தினாள். பதில் கீற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

“நாளைக்கு வா, சொல்றேன்” என்றாள்.

மாடி அக்கா போனதும் புத்தகத்தைக் கீற்று இருந்த இடத்தில் விரித்து என்னிடம் நீட்டினாள். கால் மிதியில் இருந்தது.

“தண்ணி விடறவ கேட்டிருக்கா. சொல்லாம இருக்க முடியுமா? படி. சத்தமா படி, மெஷின் ஓடும்.”

முக்காலியில் உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மெஷின் ஓடியது. இரண்டாம் வரியில் மெஷின் நின்றது. அந்த வரியைத் திரும்பப் படித்தேன். மிதி அசையவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. மேசையில் கிடந்த யாருடைய கால்சட்டையையோ பத்திரமாக ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, சாக்பீஸை என் பக்கம் தள்ளினாள்.