சிவப்புப் பொட்டைத் தாண்டாத காய்ச்சல்

என் மேசை லாச்சியில் ஒரு பழைய பாதரசத் தேமோமீற்றர் கிடக்கிறது. கறுப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும் அதன் கண்ணாடித் தண்டில், நூறு தசம் நாலு என்ற இடத்தில், நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸால் வைத்த சிவப்புப் பொட்டு ஒன்று உண்டு. பொட்டில் பாதி உரிந்து போயிற்று. பாதரசம் நஞ்சு, எறியுங்கள் என்று மகள் வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். ஓம் ஓம் என்றுவிட்டு லாச்சியை மூடிவிடுவேன்.

அந்தப் பொட்டை வைத்தவ என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை செய்தவ, கலியாணம் முடிக்கவில்லை. மார்பில் கட்டி என்றதும், சண்டையால் தரைப் பாதை மூடியிருந்த காலமாகையால், கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கொழும்புக்கு வந்து சேர்ந்தா. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி அறை, காலி வீதியில் வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் வேலை. கட்டியை வெட்டி எடுத்த பிறகு, மூன்று கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டுமென்றார்கள். மருந்து ஏறிப் பத்தாம் நாளளவில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போய்விடும், அந்த நேரம் காய்ச்சல் நூறு தசம் நாலைத் தாண்டினால் ஒரு மணித்தியாலமும் சுணங்காமல் கொண்டுவா, பொறுத்துப் பார்த்தால் ஆள் தப்பாது என்று தாதி சிங்களத்தில் சொன்னா. அதை நான் வரிக்கு வரி சின்னம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். தேமோமீற்றரின் கோடுகள் அவவுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரிந்தன. அதனால் கீழ்வீட்டு அன்ரியிடம் கியூட்டெக்ஸ் வாங்கிப் பொட்டு வைத்தா.

தாதி சொன்ன இன்னொன்றை நான் மொழிபெயர்க்க மறந்துவிட்டேன். மருந்து சிவப்பு நிறம், முதல் நாள் சலமும் சிவப்பாகத்தான் போகும் என்பது. அன்று பின்னேரம் கக்கூசுக்குப் போய்வந்த சின்னம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு, 'தம்பி, எனக்கு உள்ளுக்குள்ள எல்லாம் உடைஞ்சு போச்சுதடா' என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. என் மறதிக்கு என்னை நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன். பிறகு சத்தி தொடங்கியது. கீழே வெங்காயம் வதங்கும் மணம் வந்தாலே குடலைப் பிரட்டும் என்று யன்னலைச் சாத்துவா, சாத்தினால் கடற்காற்றும் வராது, வெக்கையில் மறுபடி சத்தி வரும். தேசிக்காய் இலையைக் கசக்கி மூக்கருகில் வைத்துக்கொண்டு, உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பா. தலைமயிர் மூன்றாம் கிழமை சீப்போடு வந்தது. 'பொங்கல் காலத்துத் தபால் மாதிரி, எல்லாம் ஒரே நாளில வந்து சேருது' என்று அதற்கும் ஒரு பகிடி விட்டா. அன்று தொட்டு என் முன்னாலும் சேலைத் தலைப்பைத் தலையிலிருந்து இறக்கவில்லை. வாயெல்லாம் புண்ணானபோது, ஐஸ்கட்டி சூப்பினால் எரிச்சல் குறையும் என்றார்கள். எங்களிடம் பிரிஜ் இல்லை. அன்ரி ஒரு கோப்பையில் ஐஸ் கொடுத்துவிடுவா.

இரண்டாம் முறை மருந்து ஏற்றிய மறுநாள் பின்னேரம் சத்தி நிற்கவேயில்லை. குளிசை வாங்கப் பாமசிக்குப் போனேன். காலி வீதியில் தமிழ்ப் பொடியன்களைத் தேடிப் பொலிஸ் சுற்றிவளைப்பு. என்னையும் இன்னும் பத்துப் பதினைந்து பேரையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நாளும் சின்னம்மா பொலிஸ் நிலையத்துக்கு எதிரே மதிலோரம் குந்திக்கொண்டு இருந்திருக்கிறா, கையில் சத்தி எடுக்க ஒரு சொப்பிங் பையோடு. வெளியே வந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, 'இனி எனக்கெண்டு நீ ஒரு இடமும் போகக்கூடாது' என்றா. நான் சிரித்துச் சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு ஒழுங்கையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்காமல் வாசற்படி இறங்கமாட்டேன். கடைக்கும் அறைக்கும் போய்வருவதே பெரிய பயணமாக இருந்தது.

மூன்றாம் மருந்துக்குப் பின் ஒன்பதாம் நாள். வேலைக்குப் போக வெளிக்கிட்டவன், தேமோமீற்றரை உதறிக் கொடுத்தேன். 'ஒரு நிமிசம் பொறு' என்று கோப்பையைக் கையிலெடுத்து, ஐஸ் கரைந்த தண்ணீரை வாயில் வைத்து, மெல்ல விழுங்கிவிட்டுத்தான் நாக்குக்குக் கீழே வைத்தா. தொண்ணூற்றெட்டு. 'பாத்தியே, ஒண்டுமில்லை, நீ போட்டு வா' என்றா. தேமோமீற்றரைத் திருப்பி வாங்கும்போது அவவின் விரல்கள் என் கையில் பட்டன. அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. வாய்ப்புண்ணுக்குத்தானே ஐஸ், வெயில் காலம்தானே, போர்த்திக்கொண்டு படுத்திருந்தவதானே என்று படியிறங்க முதல் எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிவிட்டேன். அடுத்த நாளும் ஐஸ் தண்ணீர், தொண்ணூற்றெட்டு. நான் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதிப்பட்டேன். பொட்டைத் தாண்டினால் ஓட்டோ பிடிக்க வேண்டும், பாலத்தடிச் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டும், மறுபடி அந்த ட்ரக். தாண்டவில்லை. அந்த நிம்மதி எவ்வளவு கேடுகெட்டது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்றாம் நாள் காலை, தண்ணீர் பிடிக்கக் கீழே போனபோது அன்ரி கேட்டா: 'உங்கட சின்னம்மா விடிய எழும்பின உடன ஐஸ் கேக்கிறா. ஆனா குளிருது எண்டு நடுங்கிக்கொண்டு நிக்கிறா. என்ன தம்பி, நீங்க ஒண்டும் பாக்கிறேல்லையோ?' என்னால் அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேலே ஓடிப்போய், 'வாயில வேண்டாம், கமக்கட்டுக்கை வையுங்கோ' என்றேன். சின்னம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. மறுக்கவில்லை. பாதரசம் பொட்டைத் தாண்டி, நூற்றிரண்டையும் தாண்டி நின்றது.

'நீ வராதை. என்னை ஓட்டோவில ஏத்திவிடு, நான் போறன்.'

'சிங்களத்தில ஒரு சொல்லு உங்களுக்குத் தெரியுமே? அங்க போய் என்ன கதைப்பியள்?'

'கதைக்கவே போறன்? காய்ச்சல்தானே, தொட்டாத் தெரியும்.'

தொட்டால் தெரியும் என்று அவ சாதாரணமாகத்தான் சொன்னா. எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துக்கொண்டு, ஒழுங்கை முனையில் நின்ற ஓட்டோக்கார அய்யாவைக் கூப்பிட்டேன். அந்த அவசரத்தில், கொழும்பில் இருக்கும் தமிழன் வெளியே போகும்போது சட்டைப்பையில் முதலில் வைக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பாலத்தடியில் மறித்தார்கள். அடையாள அட்டை இருந்தது, துண்டு இல்லை. என்னை இறக்கி மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஓட்டோவைப் போகச் சொன்னார்கள். சின்னம்மா போகவில்லை. நான் கையைக் காட்டுகிறேன், போங்கோ போங்கோ என்று. ஓட்டோக்காரரும் ஏதோ சொல்கிறார். அவ ஓட்டோக் கம்பியைப் பிடித்தபடி, 'அவன் வரட்டும்' என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு இருந்தா. ஒரு மணித்தியாலமும் சுணங்கக் கூடாது என்ற தாதியின் சொல் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளை நான் ஏற்கெனவே விழுங்கிவிட்டேன். இப்போது என்னாலேயே மேலும் அரை மணித்தியாலம். அந்த வெயிலில் நின்று, தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன்.

பிறகு பார்த்தால், சின்னம்மா கைப்பையைத் திறந்து தேமோமீற்றரை எடுத்து உதறி, நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கிறா. இரண்டு நிமிடம் வாயை இறுக மூடியிருந்தா. பிறகு ஓட்டோவிலிருந்து இறங்கி, ஒரு கையால் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, துவக்கோடு நின்ற பொடியன் ஒருவனின் முகத்துக்கு நேரே அதை நீட்டினா. காற்றில் சேலைத் தலைப்பு விழுந்து மொட்டைத் தலை தெரிந்தது. அதை இழுத்து மூடவில்லை. விரலால் சிவப்புப் பொட்டைக் காட்டினா, பிறகு அதைத் தாண்டிப் போயிருந்த பாதரசத்தைக் காட்டினா, பிறகு என்னைக் காட்டினா. அந்தப் பொடியன் கண்ணாடியைச் சரித்துச் சரித்துப் பார்த்தான். அவன் வீட்டிலும் யாருக்கும் காய்ச்சல் வந்திருக்கும்தானே. உள்ளே போய்ப் பெரியவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, என் அடையாள அட்டையைக் கையில் தந்து, 'ஹரி, யன்ன' என்றான். போகச் சொல்கிறான் என்பது சின்னம்மாவுக்கும் விளங்கியது. எனக்கு முன்பே போய் ஓட்டோவில் ஏறிவிட்டா.

ஆஸ்பத்திரியில் தமிழ் டொக்டர் ஒருவர் இருந்தார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கட்டிலில் கிடந்த சின்னம்மா கண்ணைத் திறக்காமல், 'மூண்டு நாள், டொக்டர். நான் ஐஸ் தண்ணி குடிச்சிட்டு வச்சனான். இவனுக்குத் தெரியாது' என்றா. டொக்டர் அவவை நன்றாக ஏசினார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கொண்டுவந்தும் பிரயோசனம் இருந்திராது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பன்னிரண்டு நாள் தனியறையில் வைத்திருந்து மீட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும்போதெல்லாம், சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லவில்லை.

மிச்ச மருந்தும் முடிந்து, இழந்த நாட்டைத் திரும்பப் பிடித்த பாண்டவர் மாதிரி ஒரு சிரிப்போடு ஊருக்குக் கப்பலேற ஆயத்தமானா. தலையில் அரை அங்குலத்துக்கு மயிர் முளைத்திருந்தது. வெளிக்கிடுமுன் அந்தக் கறுப்பு மூடிக் குழாயை என் கையில் வைத்தா. 'நீ வச்சிரு தம்பி. ஐஸ் குடிச்ச கையோட வைச்சா இது காட்டாது. உனக்குத் தெரியும்தானே' என்றா. குரலில் கோபம் இல்லை, வழக்கமான பகிடிதான். நான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அதன்பிறகு ஒன்பது வருடம் இருந்தா. அந்தக் கதையை நாங்கள் எடுக்கவேயில்லை.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். பித்தானை அமத்தினால் எண் காட்டும் புதுக் கருவியை நெற்றிக்கு நேரே பிடித்து, 'பாருங்கோ அப்பா, பெரிசா ஒண்டுமில்லை' என்று எனக்குக் காட்டினாள். நான் எண்ணைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். கையைத் தொட்டாலே தெரியும். அன்றைக்கும் தெரிந்தது.