தேவியின் மனுவும் நீல நோட்டும்

மனு கொடுப்பது ஒரு நாள் வேலை. கொடுத்த மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது முழுநேர உத்தியோகம். சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த எனக்கு, எண்பதுகளின் நடுவில் இந்த இரண்டாவது உத்தியோகமும் வந்து சேர்ந்தது. மகள் தேவிக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சின்ன வயதிலேயே மெஷின் மாட்டினால்தான் பேச்சு வரும், நாளாக ஆகக் கஷ்டம் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அரசாங்கம் இலவசமாகத் தரும் காது மெஷின் வந்தால்தான், ஸ்கூலுக்கு வாரம் இரண்டு நாள் வரும் தனி டீச்சர் பாடம் தொடங்குவார். உங்களில் இப்படி அலைந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதி என் பொறாமை.

நீல நோட்டு

எஸ்டேட்டில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதி எழுதிப் பழகிய கை. மனுவுக்கும் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்தேன். மெஷின் தரும் சேலம் ஆபீசுக்குப் போன தேதி, எந்த மேஜை, யார் என்ன சொன்னார் எல்லாம் அதில் ஏறும். கிளார்க் சரோஜா பேசப் பேச அவர் எதிரிலேயே எழுதுவேன். மூன்றாவது தடவை அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் பேனாவையே பார்த்தார்.

"நீங்க எழுதறதப் பாத்தா எனக்கே பயமா இருக்குதுங்க ரைட்டர்."

ஒரே நாளில் இரண்டு மனு

பக்கத்து ஊர் செம்மநத்தம் மாராயிக்கும் இதே பிரச்சினை. மகள் பூங்கொடி, தேவியோடு ஒரே வகுப்பு. மாராயி ராகியும் ஆரஞ்சும் போடுகிற விவசாயி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆபீஸ் வராந்தாவில் ஃபாரத்தை என்னிடம் நீட்டினாள். இரண்டு மனுவையும் என் பேனாவிலேயே எழுதினேன். எங்கே கைநாட்டு வைப்பது என்றுகூட நான்தான் காட்டினேன். அவள் மனுவில் ஓரிடத்தில் அடித்தல் விழுந்தது. என்னுடையதில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. வேறெதுவும் எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க தெரியும், உங்க பாப்பாவுக்கு எழுதுனாப்பலயே எழுதீருங்க."

வெள்ளை ஒயர்

நான்கு மாதம் கழித்து ஒரு காலை பஸ்ஸில், பூங்கொடியின் காதிலிருந்து வெள்ளை ஒயர் இறங்கி மெஷினை வைத்து நெஞ்சில் தொங்கவிட்ட துணிப்பைக்குள் போவதைப் பார்த்தேன். மாராயியே ரவிக்கைத் துணியில் தைத்த பை. பஸ் ஹாரன் அடித்ததும் அந்தப் பெண் திடுக்கிட்டுச் சிரித்தது. தேவி அந்த ஒயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் மாராயியிடம், பாட்டரி எத்தனை நாள் வரும் என்று கேட்டேன். அக்கறையில் கேட்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

"பாப்பாவுக்கு இன்னும் வரலீங்களா? படிச்சவிங்க, எங்களுக்கு முந்தியே வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

ஆரஞ்சுக் கூடை

ஆபீசில் யாருக்கோ என்னமோ கொடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் தோட்டத்தில் ஆரஞ்சு காய்க்கிறது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? என் மனைவி தனம் வேண்டாம் என்றாள். கேட்காமல் ஒரு கூடை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு பழம் உருண்டு ஓட, சேலம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப்பேர் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். மேஜையில் கூடையை வைத்து, மாராயி கொண்டுவந்ததைவிட நல்ல பழம் என்றேன். சரோஜா கூடையைத் தொடவில்லை. வராந்தாவில் காத்திருந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

"அந்தம்மா எங்களுக்கு ஒண்ணுமே தரலீங்க, மயக்கமா வருதுன்னு எங்ககிட்ட டீ வாங்கிக் குடிச்சுட்டுப் போனாங்க."

டைப் அடிக்க முடியாத கோடு

அன்றுதான் சரோஜா ஃபைலைத் திறந்து காட்டினார். காது சோதித்த சீட்டில், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று டாக்டர் ஒரு கட்டம் போட்டுக் கோடு இழுத்திருப்பார். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மெஷினில் சத்த அளவைத் திருகி வைப்பார்களாம். ஒரிஜினலைக் கையை விட்டு விடக்கூடாது என்பது எஸ்டேட்டில் நான் கற்ற முதல் பாடம். அதனால் சீட்டை டைப் அடித்து, ஆபீசர் கையெழுத்தும் சீலும் வாங்கி, அந்த நகலை மட்டும் கொடுத்திருந்தேன். கோட்டை டைப் அடிக்க முடியாது. அந்த இடத்தில், 'இங்கே ஒரு படம் உள்ளது' என்று இருந்தது. ஒரிஜினல் என் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் கசங்காமல் இருந்தது. மாராயி தன்னிடமிருந்த காகிதம் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். சரோஜா என் நோட்டை வாங்கிப் புரட்டினார். முதல் தடவை போன நாளிலேயே என் கையெழுத்தில் 'ஒரிஜினல் வேண்டும் என்கிறார்' என்று இருந்தது. கீழே சிவப்பு மையில் கோடு போட்டு 'கொடுக்கக் கூடாது' என்றும் இருந்தது.

"நான் சொன்னத ஒழுங்காத்தான் எழுதியிருக்கீங்க."

முதல் சத்தம்

சீட்டைக் கொடுத்தேன். மெஷின் வர இன்னும் மூன்று மாதம் ஆனது. அதற்குள் பூங்கொடிக்கு டீச்சர் ஏழெட்டு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தார். ஸ்கூலில் தேவிக்கு மாட்டிய அன்று தனம், நான், மாராயி, பூங்கொடி எல்லோரும் சுற்றி நின்றோம். தேவிக்கு முதுகுப் பக்கம் இருந்து, சத்தமாக, பல நாள் மனதுக்குள் கூப்பிட்டுப் பழகியபடி, "தேவி" என்றேன். அவள் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். பக்கத்திலிருந்த பூங்கொடி, தன் வாய்க்கு வந்த மாதிரி, "ஏஈ" என்றது. தேவி சட்டென்று திரும்பினாள்.

தனம் அழுதாள். என் முகம் போன போக்கு மாராயிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"உடாம கூப்புடுங்க ரைட்டருங்க, பாப்பா உங்க பக்கமும் திரும்பும்."

தேவி என் குரலுக்குத் திரும்பிய நாளைத் தேதி, நேரத்தோடு நீல நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் யார் குரலுக்குத் திரும்பினாள் என்பதற்கு மட்டும், இத்தனை ஒழுங்கான நோட்டில், ஒரு வரிகூடக் கிடையாது.