ஏழாவது மாடியை அவரே கேட்டு வாங்கினார்

அம்மா தெருவில் கால் வைத்துப் பதினான்கு மாதமாகிவிட்டது என்பதை யாரும் எனக்குப் போனில் சொல்லவில்லை. ஆறு வருடம் வெளிநாடுகளில் வேலையும் அலைச்சலுமாக இருந்துவிட்டுத் திரும்பிய அன்று, முதுகில் பையோடு மாடி ஏறி மூச்சிரைக்க நின்றேன். கதவைத் திறந்த அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முட்டிகள் இரண்டும் புடவைக்கு மேலேயே தெரியும் அளவுக்கு வீங்கியிருந்தன.

“படி எத்தனைன்னு எண்ணினியா?” இதுதான் அவள் முதல் வார்த்தை.

“நூத்தி இருபத்தாறு.”

“சரியா இருக்கு. நான் கடைசியா ஏறினப்பவும் அவ்வளவுதான்.”

பால்கனியில் அப்பா எழுந்து நின்றார். இளைத்திருந்தார். “வாம்மா” என்றார். பிறகு, நான் ஏதோ கேட்டுவிட்டதைப் போல, “லிஃப்ட் சீக்கிரம் ஓடிடும்” என்றார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடம் அவர் வேலை பார்த்தது சுவர்களுக்கு நடுவே இருக்கும் இருட்டுக் குழிகளில். லிஃப்டின் உள்ளே நிற்பதைவிட அதன் கூரைமேல் நின்ற நேரம்தான் அவருக்கு அதிகம். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்து முடித்ததும், வேறு யாரும் ஏறுவதற்கு முன் மெக்கானிக் தனியாக ஒருமுறை மேலே போய்க் கீழே வர வேண்டும். அப்பா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பூங்காவில் ஊஞ்சல் என்றால் முதலில் அவர் உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடுவார். வாடகை வேனில் எங்களை ஏற்றுவதற்கு முன் அதன் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்ப்பார். பள்ளியில் என் தோழிகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவருடைய கருவிப்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் மூன்று வரி எழுதியிருக்கும். சொந்த வீடு. ஆபத்துக்குப் பணம். பெரிய லிஃப்ட்.

முதல் இரண்டும் யாருக்கும் புரியும். மூன்றாவது அவருக்கு மட்டுமானது. உலகத்திலேயே உயரமான கட்டடம் எதுவோ, அதன் லிஃப்டில் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். கோயில் குளம் என்று எதற்கும் ஆசைப்படாத மனிதர், அந்த லிஃப்டைப் பற்றி மட்டும் சாப்பிடும்போதுகூடப் பேசுவார். வெளிநாட்டில் இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் நான் அதில் ஏறினேன். நண்பர்கள் டிக்கெட் எடுத்திருந்தார்கள், போனேன். மேலிருந்து அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“எத்தனை செகண்ட்?”

“ஒரு நிமிஷம் இருக்கும்ப்பா.”

“இருக்கும்னா? எண்ணலையா?”

எண்ணவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே ஏறியிருந்தேன். “காது அடைச்சதா? ஆட்டம் இருந்ததா?” அதையும் நான் கவனித்திருக்கவில்லை. “சரி சரி, பத்திரமா இறங்கு” என்று வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த லிஃப்டைப் பற்றி அவர் பேசவே இல்லை என்று அம்மா பின்னால் சொன்னாள்.

சொந்த வீடு வந்த கதை இது. ஏழு மாடி, பதினான்கு வீடு. அங்கே லிஃப்ட் மாட்டியவர் அப்பா. அதற்குக் கூலி கொடுக்கக் கட்டியவர் கையில் காசில்லை. “கூலிக்குப் பதிலா ஒரு வீட்டை எடுத்துக்கோங்களேன், மேல கொஞ்சம் போட்டா போதும்” என்றார். அந்தக் “கொஞ்சம்” அப்பாவின் இருபது வருடச் சேமிப்பு. காலியாக இருந்தவை இரண்டு. முதல் மாடியில் பின்பக்கம் ஒன்று, ஏழாவது மாடியில் பால்கனியோடு ஒன்று. விலை ஒன்றுதான். வேறு யாராக இருந்தாலும் முதல் மாடியைக் கேட்டிருப்பார்கள். லிஃப்டைத் தன் கையால் மாட்டியவர் மட்டும்தான் யோசிக்காமல் ஏழாவதைக் கேட்பார்.

அம்மா அன்றைக்கே குறுக்கே விழுந்தாள்.

“கரண்ட் போனா?”

“ஜெனரேட்டர் இருக்கு.”

“ஜெனரேட்டர் கெட்டுப்போனா?”

“பேட்டரி இருக்கு. பக்கத்து மாடியில கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் திறந்துடும்.”

“மனுஷன் கெட்டுப்போனா?”

அப்பா சிரித்தாராம். அதற்கு மட்டும் அவரிடம் உதிரிபாகம் இல்லை.

எல்லோரும் குடியேறிய நான்காவது மாதம் கட்டியவர் ஊரிலேயே இல்லை. லிஃப்ட் சாமான்களைத் தந்த கம்பெனிக்கும் அவர் பட்டை நாமம் போட்டிருந்தார். ஒருநாள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, மொட்டைமாடி அறையிலிருந்து கவர்னரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கவர்னர் என்பது ஒரு சக்கரம். லிஃப்ட் வேகம் மீறி இறங்கினால் அதுதான் கண்டுபிடித்து, தடையை விழவைத்து, பெட்டியை அந்தரத்தில் பிடித்து நிறுத்தும். வந்தவர்கள் அப்பாவிடம் ஒருகாலத்தில் வேலை கற்றவர்கள். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, மேலிடத்து உத்தரவு” என்று நெளிந்தார்கள். அப்பா அவர்களுக்கு டார்ச் பிடித்தார். கடைசி போல்ட்டை அவர்கள் தப்பாகத் திருகி மரையைக் கெடுக்கப் பார்த்ததால், அதை அவரே கழற்றிக் கொடுத்தார். டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கவர்னர் இல்லாமலும் லிஃப்ட் ஓடும். விழும்போதுதான் அது இல்லையென்று தெரியும். அப்படி ஓடி விழுந்த ஒரு லிஃப்டிலிருந்து தன்னோடு வேலை பார்த்தவரை வெளியே எடுத்தவர் அப்பா. அதனால் மெயின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தரைத்தளத்தில் லிஃப்ட் பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாளை விலக்கித் துடைத்துவிட்டு மறுபடி சுற்றிவிடுவார்.

இதுவரை அவர் மேல் குற்றமில்லை. புதிய கவர்னர் வாங்கி, சோதனை செய்து, சான்றிதழ் வாங்க ஆகும் செலவைப் பதினான்கு வீடும் பங்கு போட வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். கதை கெட்டது அதற்குப் பிறகு.

அம்மாவின் முட்டிக்கு அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் சொல்லி எட்டு மாதமாகியிருந்தது. அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் படி ஏறக்கூடாது. “லிஃப்ட் ஓடினதும் பண்ணிக்கலாம்” என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

நான் பங்கு கேட்டு வீடு வீடாகப் போனேன். முதல் மாடி டீச்சர், “எனக்கு எதுக்குங்க லிஃப்ட்? என் வாசல்ல இருந்து ஒரு தாவு தாவினா ரோடு” என்றார். மூன்றாவது மாடித் தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

“படி ஏறினா நெஞ்சுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாரும்மா. உங்கப்பா ஆரோக்கியத்தை இலவசமா கொடுத்திருக்காரு. நன்றியில்லாம லிஃப்ட் கேக்கலாமா?”

“எங்கம்மா கீழ இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுண்ணே.”

மெஷின் நின்றது. “தெரியும்மா. அண்ணன் முதல்ல தன் பங்கை வைக்கட்டும். எல்லாரும் வைப்போம். அவர் கையில பணம் இருக்குன்னு ஊருக்கே தெரியும்.”

ஊருக்குத் தெரிந்த அந்தப் பணம்தான் மூடியின் இரண்டாவது வரி. பாங்கில் போட்டு, ரசீதைப் பீரோவில் வைத்து, சாவியை இடுப்பில் வைத்திருந்தார். ஒரு கவர்னரை அதில் முழுசாகவே வாங்கிவிடலாம்.

“நான் வாங்கி மாட்டினா பதினாலு வீட்டுக்காரனும் ஓசியில ஏறி இறங்குவான். நான் என்ன இளிச்சவாயனா?” என்றார் அப்பா.

“நான் தர்றேன்ப்பா” என்றேன்.

“உன் காசு உனக்கு வேணும். நீ எப்படியும் கிளம்பிடுவே.” முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஆபத்துக்குன்னு வெச்சிருக்கீங்களே, அந்த ஆபத்து எப்பங்க வரும்? வந்தாலும் ஏழு மாடி ஏறி வருமா?”

“இது ஆபத்து இல்லடி. சிரமம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.”

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடையில் ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “சித்திக்குப் போன் பண்ணு. ஒரு நாற்காலியும் நாலு ஆளும் வேணும்னு சொல்லு.”

அம்மாவின் தங்கை நான்கு தெரு தள்ளி, ஒரு பேக்கரிக்குப் பின்னால், தரையோடு ஒட்டிய ஒன்றரை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வாடகை வீடு என்பதாலேயே அப்பா அங்கே போகமாட்டார்.

மறுநாள் காலை மரச்சாமான் கடையிலிருந்து சுமை தூக்கும் நால்வர் வந்தார்கள். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைத் துண்டால் கட்டினார்கள். அதுவரை பால்கனியில் நின்றிருந்த அப்பாவுக்கு அந்தக் கட்டைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. வந்து அவிழ்த்து, மோட்டார் இறக்கும்போது போடும் முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலிக்கு முன்னால் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினார்.

“இடது பக்கம் இறக்கு. நில்லு. திரும்பாதே. வலது, வலது.”

“அண்ணே, பீரோன்னா இந்நேரம் திருப்பிப் பிடிச்சு இறக்கியிருப்போம்” என்றார் ஒருவர்.

“பீரோன்னா அவர் விட்டிருக்கவே மாட்டாரு. உள்ள ரசீது இருக்கு” என்றாள் அம்மா.

நால்வரும் சிரித்ததில் நாற்காலி ஆடியது. அப்பா இரண்டு கையாலும் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டார். நான்காவது மாடித் திருப்பத்தில் அவர் உள்ளங்கை நசுங்கி ரத்தம் கட்டியது. அவர் சொல்லவில்லை, நாங்கள் அப்போது பார்க்கவுமில்லை.

கீழே, பிளாஸ்டிக் தாள் சுற்றிய லிஃப்டைத் தாண்டி, வாசலில் இறக்கினார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தாள். மண் சுட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அப்பா மருத்துவமனைக்குத் தினமும் வந்தார், சக்கரக்கட்டிலின் சக்கரங்களை உதைத்துப் பார்த்தார். அம்மா நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள், நானும் கூடவே போனேன். ஆறு வாரத்தில் பேக்கரிவரை நடந்து, ரொட்டி வாங்கி, கடைக்காரரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். மூன்றாவது மாதம் காய்கறிச் சந்தைக்கே போனாள். அவள் சிரித்துப் பேசுவதைக் கேட்கக் கேட்க, ஏழாவது மாடியில் அவள் அப்படிப் பேசியதே இல்லை என்று எனக்கு உறைத்தது.

ஆளில்லாத வீட்டில் அப்பா ஒருவழியாக ரசீதை வெளியே எடுத்தார். யாரிடமும் பங்கு கேட்கவில்லை. கவர்னரை வாங்கி அவரே மாட்டினார். மணல் மூட்டை ஏற்றிச் சோதனை நடந்தது, சான்றிதழ் வந்தது. வழக்கப்படி முதலில் தனியாக ஏறி இறங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இருபத்தெட்டு செகண்ட். கைப்பிடியும் கண்ணாடியும் மாட்டியிருக்கேன். அம்மாவைக் கூட்டிட்டு வா.”

நாங்கள் நடந்தே போனோம். அம்மாவே நடக்கலாம் என்றாள். லிஃப்ட் பளபளத்தது. முதல் மாடி டீச்சர் இரண்டு பை காய்கறியோடு அதிலிருந்து இறங்கி, “ரொம்ப சௌகரியமா இருக்குங்க” என்றுவிட்டுப் போனார். அப்பா உள்ளே நின்று, கதவு மூடிவிடாமல் கையை வைத்துக்கொண்டார்.

அம்மா வெளியே நின்றபடியே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

“நல்லா மாட்டியிருக்கீங்க.”

“ஏறு.”

“நீங்க போங்க. எனக்குக் கீழயே சரியா இருக்கு. தங்கச்சி வீட்டுக்கு எதிர்ல ஒரு ரூம் காலியாகுது, கேட்டிருக்கேன்.”

“வாடகைக்கா?”

“வாடகைக்குத்தான்.”

“நம்ம வீடு?”

“உங்க வீடு எங்கயும் போகாது. பத்திரமா இருக்கும்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். கதவு அதன் வேலையைச் செய்தது.

மேலே சிவப்பு எண்கள் மாறத் தொடங்கின. அம்மா அதற்குள் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். நான் மட்டும் நின்று எண்ணினேன். இருபத்தெட்டுதான்.