எண்ணிக்கை குறையக் கூடாது

குரிஹாராவுக்கு வேலை போனதற்குக் காரணம், அவள் வேலையை ஒழுங்காகச் செய்ததுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அப்படியெல்லாம் இருக்காது, வேற ஏதாவது நடந்திருக்கும்" என்கிறார்கள். வேறு ஒரு மண்ணும் நடக்கவில்லை. பக்கத்து மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

எங்கள் அலுவலகம் ஜப்பானின் தெற்கே, ஹகாதாவில். டோக்கியோவில் ஒரு பெரிய நிறுவனம் நகராட்சிகளிடமிருந்து வேலையைப் பிடிக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி எங்களிடம் தள்ளும். அப்படி வந்ததுதான் பள்ளி மதிய உணவுக்கான புரோகிராம். இன்று எந்தப் பள்ளிக்கு என்ன சமையல், எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எவனுக்குப் பால் ஆகாது என்று பார்த்து வகுப்பாசிரியருக்கு எச்சரிக்கை அனுப்பும். சின்ன வேலை மாதிரி தெரியும். ஆகாத பிள்ளைக்கு முட்டை போனால் மூச்சு நின்றுவிடும்.

குரிஹாரா தொமோயே ஒமுதா ஊர்க்காரி. அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு அவள் அப்பா டாக்ஸி ஓட்டினார். அவள் முதலில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் இருந்தாள். கடை மூடியதும் வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்திய வகுப்பில் புரோகிராம் எழுதக் கற்றாள். கல்யாணம் ஒன்று ஆகி முறிந்தது. அதைப் பற்றிப் பேச மாட்டாள், நானும் கிண்டியதில்லை. மத்தியானம் உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை இரண்டு கொண்டுவருவாள். "உள்ள ஏதாவது வைக்கக் கூடாதா, ஒரு ஊறுகாயாவது?" என்று கேட்டால், "சோறே நல்லாத்தானே இருக்கு" என்பாள். அப்படியொரு பிறவி.

அவள் கழுத்தில் தொங்கும் அட்டைக்கு ஆரஞ்சு நாடா, எனக்கு நீல நாடா. ஆரஞ்சு என்றால் ஒப்பந்தம், ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வருடம் அவளுக்கு அது பெரிய கவலையாகிவிட்டது. குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து வேறு வீடு தேடினாள். எந்தத் தரகர் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, நிரந்தர வேலையா? அடுத்தது, ஜாமீன் யார்? ஜாமீன் நின்ற அண்ணன் இறந்துபோயிருந்தான். ஐம்பதை நெருங்கும் தனிப் பெண்ணுக்கு, அதுவும் ஒப்பந்தக்காரிக்கு, ஒருத்தரும் சாவி தரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பிரிவுத் தலைவர் இசோபே அவளைக் கூப்பிட்டார்.

"குரிஹாரா சான், நம்ம டெஸ்டெல்லாம் ஓடி முடியறதுக்குள்ள மத்தியானச் சாப்பாடே வந்துடுது. அந்த பேஸ் கிளாஸைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க. இதை முடிச்சீங்கன்னா ஏப்ரல்ல உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே மேலிடத்துல பேசறேன்."

புரோகிராமின் ஒவ்வொரு துண்டும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைகளைத்தான் டெஸ்ட் என்கிறோம். எல்லா டெஸ்டுக்கும் பொதுவான முன்னேற்பாடுகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருப்போம், அது பேஸ் கிளாஸ். எங்களுடையது பெருத்துக் கிடந்தது. வந்தவன் போனவன் எல்லாம் தனக்கு வேண்டியதை அதில் திணித்துவிட்டுப் போயிருந்தான். தேதியைச் சரியாக எழுதுகிறதா என்று பார்க்கும் ஒரு துக்கடா டெஸ்டுக்குக்கூட ஒரு பள்ளிக்கூடம், அதற்குப் பிள்ளைகள், ஆசிரியர்கள், சமையற்கூடம் எல்லாவற்றையும் உருவாக்கிவிட்டுத்தான் அது மூச்சு விடும். பற்றாததற்கு அந்த பேஸ் கிளாஸுக்குள்ளேயே சில டெஸ்டுகளை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதை அடித்தளமாக வைத்து எழுதிய ஒவ்வொரு டெஸ்ட் தொகுப்பிலும் அவை மறுபடி மறுபடி ஓடின. ஒரே ஆள் நூறு தடவை பந்தியில் உட்கார்ந்து எழுந்ததை நூறு பேர் சாப்பிட்டதாக எழுதிக்கொள்வது மாதிரி.

குரிஹாரா குளிர்காலம் முழுக்க அதைப் பிரித்தாள். எந்த டெஸ்டுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சின்னச் சின்னதாக ஆக்கினாள். கடைசியில் டீ ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் ஓடி முடிந்தது. பக்கத்துக் குழுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இசோபேகூட அவள் மேசையில் ஒரு காபி டப்பாவை வைத்துவிட்டுப் போனார். மகராசன், அவர் கையிலிருந்து எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் வினை. பேஸ் கிளாஸின் அடி மூலையில் ஒரு வரி இருந்தது. எச்சரிக்கை அனுப்பும் பகுதியை டெஸ்ட் ஓடும்போது அணைத்து வைக்கும் வரி. யாரோ ஒருவனுக்கு அந்த எச்சரிக்கைகள் தொந்தரவாக இருந்திருக்கின்றன, அணைத்துவிட்டான். அதாவது எங்கள் புரோகிராமின் முக்கியமான வேலையை இத்தனை காலமாக ஒரு டெஸ்டும் தொடவே இல்லை. குரிஹாரா அந்த வரியை எடுத்துவிட்டு, அந்தப் பகுதிக்கென்று புதிதாக டெஸ்ட் எழுதினாள். உடனே திரையில் சிவப்பு, அதாவது டெஸ்ட் தேறவில்லை. சமையற்கூடத்தில் அன்றைக்கே உணவை மாற்றினால், மீன் வரவில்லை என்று ஆம்லெட் போட்டால், ஆசிரியருக்குப் பழைய எச்சரிக்கைதான் போகிறது. முட்டை என்ற பேச்சே அதில் இல்லை.

இசோபேவிடம் போனாள், நானும் கூடப் போனேன். அவர் முகம் வெளுத்தது. பிள்ளைகளை நினைத்து என்று நம்பினேன்.

"டெஸ்ட் எண்ணிக்கை பாதியாயிடுச்சே" என்றார்.

ஆயிரம் வரிக்கு இத்தனை டெஸ்ட் இருக்க வேண்டும் என்று டோக்கியோ ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நல்ல டெஸ்டா, உதவாக்கரையா என்று யாரும் பார்ப்பதில்லை. எண்ணிக்கை இருந்தால் தரம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அது ஒரே டெஸ்ட் திரும்பத் திரும்ப ஓடினது, இசோபே சான்" என்றாள் குரிஹாரா. "அதை விடுங்க. முட்டை விஷயத்தை முதல்ல சரி பண்ணணும்."

"சரி பண்ணலாம், யாரு வேணாம்னா? அடுத்த கட்டத்துல பண்ணலாம். மார்ச்ல புதுசா ஒரு பிழைன்னு போய் நின்னா டோக்கியோ நம்மைக் குடைஞ்சு எடுத்துடும். இப்போதைக்குப் பழையதைத் திரும்ப வைங்க."

"அடுத்த கட்டம் எப்போ?"

"இலையுதிர் காலம்."

"அது வரைக்கும் பிள்ளைங்க சாப்பிடாம இருக்குமா?" என்று நான் கேட்டேன்.

"மிசோகாமி சான், நீங்க உங்க வேலையைப் பாருங்க."

வாரா வாரம் டோக்கியோவோடு திரையில் கூட்டம் நடக்கும். முடிவில் அந்தப் பக்கத்து ஆள், "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்பார். அது கேள்வியே இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்து, இல்லை என்போம், திரை அணையும். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. அன்றைக்குக் குரிஹாரா, "உண்டு" என்றாள். நிதானமாக, யார் மேலும் பழி போடாமல், முட்டை விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பக்கத்தில் நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இசோபே சிரித்துக்கொண்டே தலையாட்டினார். காது மட்டும் மிளகாயாகச் சிவந்திருந்தது. நிரந்தர வேலை அந்த நிமிடமே போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் குடித்தாள்.

டோக்கியோக்காரர் மனமார நன்றி சொன்னார். பிழையைத் திருத்த அனுமதி வந்தது, அவளே திருத்தினாள். கூடவே வழக்கமான விசாரணையும் வந்தது. ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடி வேரைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். ஏன் பிழை இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது? டெஸ்டைக் கடைசி நேரத்தில் மாற்றியதால். ஏன் மாற்றினார்கள்? இப்படியே தோண்டித் தோண்டி இசோபே கண்டுபிடித்த வேர்: ஒப்பந்த ஊழியருக்கு முறை தெரியவில்லை.

"மாத்தச் சொன்னதே நீங்கதானே?" என்றேன்.

"சுத்தம் பண்ணச் சொன்னேன். குறைக்கவா சொன்னேன்?"

மனசாட்சி என்று ஒன்று இருந்தால் நாக்கு இப்படிப் புரளுமா? பழைய பேஸ் கிளாஸை அந்த அணைத்து வைக்கும் வரியோடு அப்படியே திரும்ப வைத்தார்கள். குரிஹாராவின் புது டெஸ்டுகள் அதோடு ஒத்துவரவில்லை, தூக்கி எறிந்தார்கள். எண்ணிக்கை பழையபடி ஏறியது, எல்லாம் பச்சை. அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, மார்ச் கடைசி நாள் பூங்கொத்து கொடுத்துக் கை தட்டினோம். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் இசோபே. அவள் மேசை மேசையாகப் போய் ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அந்தப் பிஸ்கட்டை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

ஜூனில் மழைக்காலம் தொடங்கியபோது நகராட்சி புதிதாக ஏதோ கேட்டது. புதிதாக வந்த ஒருவர் எச்சரிக்கை அனுப்பும் பகுதியில் கை வைத்தார். குரிஹாரா திருத்தியது அதில் கெட்டுப்போனது. டெஸ்ட் ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை, எப்படிக் காட்டும்? இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மீனுக்குப் பதில் வந்த ஆம்லெட்டைச் சாப்பிட்டு, நாக்கு வீங்கி, நீலம் பாய்ந்து விழுந்தான். ஆசிரியை பதறாமல் தொடையில் ஒவ்வாமைக்கான ஊசியைக் குத்தினாள், அதனால் பிழைத்தான். இசோபே கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு இனிப்புப் பெட்டியோடு பெற்றோர் முன் மன்னிப்புக் கேட்டுக் குனியப் போனார். மறுபடி ஐந்து ஏன். இந்தத் தடவை அவர் கண்டுபிடித்த வேர் என்ன தெரியுமா? விவரம் தெரிந்தவர் இப்போது வேலையில் இல்லை.

எழுதிவிட்டு என்னிடம் வந்தார். "நீங்க கூப்பிட்டாத்தான் எடுப்பாங்க. கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

குரிஹாரா முதல் மணியிலேயே எடுத்தாள். மாதக் கணக்கில் விடும் ஒற்றை அறையில் இருந்தாள். பக்கத்து அறைத் தொலைக்காட்சி எனக்கே கேட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"பையன் எப்படி இருக்கான்?"

"வீட்டுக்கு வந்துட்டான். ஆனா தட்டை வெச்சா அழறானாம்."

பிறகு கேட்டாள், "நிரந்தரமா கூப்பிடறாங்களா?"

"இல்ல. மூணு மாச ஒப்பந்தம். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாதாம்."

"வரேன்னு சொல்லிடுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு ரோஷமே கிடையாதா? அந்த ஆள் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"ரோஷப்படறதுக்கு நிரந்தர வேலை வேணும், மிசோகாமி சான்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "உங்களுக்கு இருக்கு. நீங்க அன்னிக்குக் கூட்டத்துல என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க."

போனை வைத்துவிட்டு இசோபேவிடம் போய், வருகிறாள் என்று சொன்னேன்.